துண்டுக்கடியில் மூன்று விரல்கள்

அண்ணனின் கொக்கி தம்பியின் முன்கையைக் கிழித்த மறுவாரம், அவர்களுடைய தாயார் விழுப்புரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். சுமை தூக்குவோர் கையில் வைத்திருக்கும் வளைந்த இரும்புக் கொக்கி அது. சாக்கில் குத்தி மூட்டையை இழுப்பதற்கென ஆனது. சதையிலும் அது அவ்வாறே வேலை செய்யும் என்பதைப் பின்னர் தம்பியின் தையல்களைப் பார்த்து அறிந்தேன்.

தாயார் பனமலை ஏரியை ஒட்டிய ஊரிலிருந்து பேருந்து மாறி வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும்படி அவர் கேட்கவுமில்லை. அது இனி நடவாது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

“அந்தக் கம்பெனிய வித்துடுங்க வக்கீலம்மா. அது இருக்கிற வரிக்கும் ரெண்டுல ஒன்னு சாவும். நான் செத்தா வாய்க்கரிசி போட ரெண்டும் உசுரோட வந்து நிக்கணும். எனக்கு வேற இன்னா வேணும்?”

நான் என் பணிக்காலத்தின் முற்பாதியைச் சென்னையில் நிறுவனச் சட்டத்தில் கழித்தவள். அயல்நாட்டு நிறுவனங்கள் இங்குள்ள நிறுவனங்களை வாங்கும்போது எழும் பேச்சுகளில், குளிரூட்டிய அறைகளில், பல நாள் அமர்ந்திருக்கிறேன். அங்கே சினம் உண்டு. அது கழுத்துப்பட்டைக்கு மேலே ஏறாது. பிற்பாதியில் ஊர் திரும்பி விழுப்புரம் நீதிமன்றத்தில் நிலவழக்குகளும் வெட்டுக்குத்து வழக்குகளும் நடத்தினேன். இவ்விரு பாதிகளும் ஒரே மேசையில் வந்து அமரும் என்று நான் எண்ணியதில்லை.

கம்பெனி என்று தாயார் குறித்தது, திண்டிவனத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த மல்லாட்டைத் தொழிற்சாலையை. பிற ஊரார் வேர்க்கடலை என்பதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அண்ணன் இளமையில் மாட்டுத் தரகர். பின்பு மல்லாட்டை வாங்கி விற்றவர். சுற்றுப்பட்டு ஊர்களில் உழவர்கள் அவர் சொல்லை நம்பியே மூட்டையை வண்டியில் ஏற்றுவார்கள். தம்பி பொறியியல் படித்தவர். ஓடு உடைக்கவும் பருப்பைத் தரம் பிரிக்கவும் வறுக்கவும் பொறிகளைக் கொண்டுவந்தவர் அவர். கடல்கடந்த வாணிகத்தைத் தேடிப் பிடித்தவரும் அவரே. உடைமை இருவருக்கும் சரிபாதி. ஒவ்வொரு மூட்டையிலும் அண்ணன் மறைவாகத் தரகு எடுக்கிறார் என்பது தம்பியின் ஐயம். கழிவு என்று பொய்க்கணக்கு எழுதித் தம்பி விழுங்குகிறார் என்பது அண்ணனின் ஐயம். இரண்டையும் எவரும் மெய்ப்பித்ததில்லை. ஆனால் தம்பி சரக்குந்தைப் பின்னோக்கிச் செலுத்தி அண்ணன் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்ததும், அண்ணனின் ஆட்கள் தம்பியின் பொறியறைக் கண்ணாடிகளைக் கடப்பாரையால் நொறுக்கியதும், தம்பி வீட்டு நாய் நுரை கக்கிச் செத்துக் கிடந்ததும் ஊரறிந்தவை. கொக்கி அவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது.

அவர்களிடம் பல ஆண்டுகளாகப் பருப்பு வாங்கிவந்த ஒல்லாந்து, அதாவது நெதர்லாந்து, நிறுவனம் ஒன்று, தொழிற்சாலையையே வாங்கிக்கொள்ள முன்வந்தது. அதன் சார்பில் வந்தவர் ஐம்பதைக் கடந்த, வாசற்படிகளில் குனிந்தே நுழைய வேண்டிய உயரமுடைய ஒருவர். அவரை ஒல்லாந்தர் என்றே குறிக்கிறேன். அவருடன் சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். உடன்பிறந்தார் இருவருக்கும் பொதுவில் நான்.

பேச்சு, விழுப்புரம் புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு விடுதியின் மாடிக்கூடத்தில் நடந்தது. சரக்குந்துகள் கடக்கும்போது பலகணிகள் அதிரும். நான் அண்ணனை மேசையின் ஒரு முனையிலும் தம்பியை மறுமுனையிலும் அமர்த்தி, நடுவில் உட்கார்ந்தேன். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது நின்று நெடுநாள் ஆகியிருந்தது. “அந்த ஆள கேளுங்க”, “அவன்கிட்ட சொல்லுங்க” என்று என் முகத்தைப் பார்த்தே இருவரும் பேசினர். ஒல்லாந்தர் முதல்நாளே வியப்புற்று, இவர்கள் வேறு வேறு மொழி பேசுகிறார்களா என்று கேட்டார். ஒரே மொழிதான், ஒரே தாயின் பால்தான் என்றேன். பிறகு அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

ஒல்லாந்தரின் நாட்டில் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வதே மரியாதையாம். கழிவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர், மதிய உணவுக்கு முன்னதாக, இந்தக் கணக்கைத் தம்மால் நம்ப முடியவில்லை என்று உரையாடும் குரலிலேயே சொன்னார். எங்கள் பக்கத்தில் இச்சொற்களை முகத்தெதிரே சொல்பவன் அடிதடிக்கு ஆயத்தமாகவே வந்திருப்பான். தம்பி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்சுவரில் போய் மோதியது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பை நோக்கித் தம்பி கையிலிருந்த கண்ணாடிக் குவளையை வீசினார். அது அண்ணனின் புருவத்தைப் பிளந்தது. குருதி அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்து இறங்க, அவர் அதைத் துடைக்காமலே மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். வழியில் நான் நின்றேன். பெண்ணொருத்தியை இடித்துத் தள்ளிவிட்டுப் போக அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவே.

ஒல்லாந்தர் தம் இருக்கையிலிருந்து அசையவில்லை. “இதை மறுப்பு என்று குறித்துக்கொள்ளட்டுமா?” என்று என்னிடம் கேட்டார். அவர் நகையாடுகிறாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று மாலையே கூடத்திலிருந்த கண்ணாடிப் பொருள்களை எல்லாம் அகற்றச் சொன்னேன். காகிதக் குவளைகள் வந்தன. தண்ணீர் ஊற்றுவதற்குக் கனத்த எவர்சில்வர் ஜக்கு ஒன்று மட்டும் மேசைமேல் இருந்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அண்ணனின் சுமைதூக்கும் ஆட்கள் நாள்தோறும் திண்டிவனத்திலிருந்து வந்து விடுதிப் படிக்கட்டின் கீழே குந்தியிருந்தனர். கொக்கிகளைத் தோளில் மாட்டியபடி தேநீர் குடித்தனர். விடுதிக்காரர் என்னிடம் வந்து, அறைக்கு வேறு எவரும் வருவதில்லை, ஒரே பேஜாரா இருக்குதும்மா, ஜல்தியா முடிச்சிடுங்க என்று முறையிட்டார்.

முடிப்பது எளிதாக இல்லை. வாங்குவோரின் நிபந்தனை ஒன்று இருவரையும் ஒருசேரக் கொதிக்க வைத்தது. பொறிகளை இயக்க அவர்களிடம் ஆள் உண்டு. ஆதலால் தம்பி விலகிவிட வேண்டும், விலகியபின் இதே தொழிலைச் சில ஆண்டுகள் தொடங்கவும் கூடாது. ஆனால் உழவர்கள் அண்ணனின் சொல்லுக்கே மல்லாட்டை தருவதால், அவர் ஊதியம் பெற்றுக்கொண்டு கொள்முதலை நடத்தித்தர வேண்டும். திருடனை வைத்துக்கொண்டு என்னைத் துரத்துகிறார்களா என்று தம்பி கேட்டார். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த தொழிலில் கூலிக்காரனாக நிற்பதா என்று அண்ணன் கேட்டார். இருவருக்கும் நான் தந்த விடை ஒன்றுதான்: உங்கள் தாயார் என்னிடம் கேட்டது உங்கள் இருவர் உயிரை மட்டுமே.

விலை ஒருவாறு படிந்தது. எஞ்சியது ஒன்றே: அண்ணன் எத்தனை ஆண்டு கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஐந்து என்றார் ஒல்லாந்தர். இரண்டுக்குமேல் ஒருவனிடம் கைகட்டி நிற்கமாட்டேன் என்றார் அண்ணன்.

இதற்கிடையில் அண்ணனுக்கும் ஒல்லாந்தருக்கும் ஒரு நட்பு அரும்பியிருந்தது. தொழிற்சாலையைப் பார்வையிட வந்த ஒரு மாலையில், முற்றத்தில் குவிந்திருந்த மல்லாட்டைக்கு அருகில் நின்று, மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறையை அண்ணன் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். தரகர் தம் தோள்துண்டை எடுத்து இருவர் கைகள்மேலும் போர்த்துவார். துண்டுக்கடியில் எதிராளியின் விரல்களைப் பற்றுவார். எத்தனை விரல் பற்றுகிறாரோ அத்தனை. ஒப்பவில்லையென்றால் மற்றவர் கையை விடுவித்துக்கொண்டு திருப்பிப் பற்றுவார். வாய் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும். சூழ நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒல்லாந்தர் குழந்தையைப் போல் மகிழ்ந்தார். ஓட்டுநரிடமும் தம் வழக்கறிஞரிடமும் பழகிப் பார்த்தார். ஆயினும் தம் இயல்பை விடாமல், இதில் ஏன் இத்தனை ஒளிவு என்றும் கேட்டார்.

அண்ணன் என் வாயிலாக விடை சொன்னார். “எறங்கி வந்தவன் எறங்கினது ஊருக்குத் தெரியக்கூடாது சார். வித்தவனுக்கும் வாங்கினவனுக்கும் தெரிஞ்சா போதும். மானம்னு ஒன்னு இருக்குதுல்ல.”

தம்பி அப்போது அங்கில்லை. இருந்திருந்தால் அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்ததுண்டு. அண்ணன் தரகராக இருந்த நாளில், குடும்பத்து மாடு ஒன்றை விற்கையில், துண்டுக்கடியில் பேசிய விலை வேறு, வீட்டில் சொன்ன விலை வேறு என்பதே அவர்களுடைய பகையின் வேர் என்று தம்பி ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். மாடு விற்றபோது தம்பி சிறு பையன். அண்ணன் அதை முழுமையாக மறுத்தார். இதற்கும் மெய்ப்பு கிடையாது.

இறுதிநாள் முற்பகல். தம்பிக்கு ஓர் அழைப்பு வந்தது. கைப்பேசியோடு தாழ்வாரத்துக்குப் போனார். அண்ணனும் ஒல்லாந்தரும் இரண்டு, ஐந்து என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். இரண்டிலிருந்து ஏறினால் என்முன்னும் அந்தச் சென்னை வழக்கறிஞர் முன்னும் தாம் தோற்றதாகும் என்று அண்ணனின் முகத்தில் எழுதியிருந்தது. அதைக் கண்ட ஒல்லாந்தர், தம் அளவில் மிகுந்த நயத்தோடு, அண்ணனின் தோளில் கிடந்த துண்டைச் சுட்டிக் காட்டினார்.

அண்ணன் முறுவலித்தார். பல வாரங்களில் நான் கண்ட முதல் முறுவல் அது. துண்டை உதறி மேசைமேல் விரித்தார். இருவரும் கைகளை அதனடியில் நுழைத்தனர். துண்டு நெளிந்தது. அண்ணன் மழையைப்பற்றிப் பேசினார்; ஒல்லாந்தர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

அப்போது தம்பி உள்ளே வந்தார்.

அவர் கண்டது துண்டை மட்டும். அதனடியில் அண்ணனின் கை, வாங்க வந்தவனின் கையோடு. ஆண்டுக்கணக்கைத்தான் பேசுகிறார்கள் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அவர் அதற்குள் மேசையிலிருந்த ஜக்கைக் கைப்பிடியோடு தூக்கி, நீர் நிறைந்த கனத்தோடு, அதன் அடிப்பக்கம் துண்டின்மேல் விழும்படி ஓங்கி இறக்கினார். மறுபடியும் ஓங்கி இறக்கினார். உலர்ந்த மல்லாட்டை ஓட்டை விரல்களுக்கிடையில் நெரித்தால் எழும் ஒலியை நான் பல்லாயிரம் முறை கேட்டவள். அன்று துணிக்கடியில் கேட்டது அவ்வொலியே; சற்றுப் பெரிதாக, ஈரமாக.

துண்டு செந்நிறம் பரவி மேசையோடு ஒட்டிக்கொண்டது. சென்னை வழக்கறிஞர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான்தான் துண்டை விலக்கினேன். அண்ணனின் கை மேலே இருந்தது. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையில் அவர் தம் கையைப் புரட்டி விருந்தினரின் கையை மூடியிருந்தார். அவருடைய விரல்கள் விரல்களாகத் தோன்றவில்லை. ஒல்லாந்தரின் சுண்டுவிரல் மட்டும் வெளியே நீண்டிருந்ததால் நசுங்கி, புறமாக மடிந்திருந்தது.

“எத்தினி? இந்த வாட்டி எத்தினிக்குப் பேசிகினான்? கேளுங்க அவன!” என்று தம்பி என்னிடம் கத்தினார். அப்போதும் என்னிடம்தான்.

ஓசை கேட்டு ஆட்கள் படியேறி வந்துவிட்டனர். தம்பியைத் தலைமுடியைப் பற்றித் தாழ்வாரத்துக்கு இழுத்தனர். படிகளில் அவர் உடல் மோதி மோதி இறங்குவதைக் கேட்டேன். அண்ணன் நொறுங்கிய கையை மார்போடு அணைத்தபடி படியின் தலைப்பில் போய் நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“உசுர மட்டும் விட்டுடுங்கடா. அம்மா இருக்குது.”

ஆட்கள் அச்சொல்லை அப்படியே கடைப்பிடித்தனர். கொக்கியை எவரும் எடுக்கவில்லை. காலாலும் கையாலும் மட்டுமே அடித்தனர். தம்பியின் இடத்தோள் எலும்பு முறிந்தது. விலா எலும்பும் முறிந்தது. மூக்கு ஒருபுறம் சாய்ந்தது. விடுதிக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார்.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் இரு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். பேச்சு தொடங்கிய நாள்முதல் ஒளிக்கிறீர்கள், மறைக்கிறீர்கள் என்று எங்களைக் கடிந்துவந்த ஒல்லாந்தர், வலியில் வெளுத்த முகத்தோடு, கதவில் நசுங்கிவிட்டது என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது.

“ரெண்டு பேர் கையும் ஒரே கதவுலயா?” என்றார் மருத்துவர். “பலே கதவா இருக்குதே.” பின்பு அவ்வாறே எழுதிக்கொண்டார். படியில் வழுக்கி விழுந்ததாகத் தம்பியும் தம் வாயாலேயே சொன்னார். காவலரிடம் போனால் விற்பனை நின்றுபோகும் என்பதை அங்கிருந்த அனைவரும் அறிந்திருந்தனர். விற்பனை நின்றால் அடுத்தது என்ன என்பதையும்.

சென்னை வழக்கறிஞர் ஒல்லாந்தரைத் தனியே அழைத்து, இந்தக் குடும்பத்தோடு இனி எந்தத் தொடர்பும் வேண்டாம், இன்றே ஊருக்குப் போய்விடலாம் என்று மன்றாடினார். ஒல்லாந்தர் என்னை அழைத்து அவர் முன்னிலையிலேயே விடை சொன்னார்.

“நான் இன்று கையெழுத்திடாவிட்டால் இவர்களில் ஒருவர் மற்றவரைக் கொல்வார். அப்புறம் நான் சிறையில் இருப்பவரிடமிருந்து வாங்க வேண்டியிருக்கும். அது இதைவிடக் கடினம்.”

ஆண்டுக்கணக்கு என்று கேட்டேன். அடி விழுந்த நொடியில் அண்ணன் தம்முடைய மூன்று விரல்களைப் பற்றியிருந்தார், தாம் நான்கு கேட்க நினைத்திருந்தாலும் அதற்குமேல் பேச்சில்லை, மூன்றே இருக்கட்டும் என்றார். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்களை மூடியபடியே தலையசைத்தார். பிடித்த விரல் பிடித்ததுதான் என்றார்.

பிறகு தாளோடு தம்பியின் கட்டிலுக்குப் போனேன். துண்டுக்கடியில் பேசியது பணமன்று, அண்ணன் கட்டுப்பட்டிருக்க வேண்டிய ஆண்டுகள் என்று விளக்கினேன். அவர் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமலே பேசினார். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின.

“வருசம்னா வாயால சொல்றதுதான வக்கீலம்மா? எதுக்குத் துண்டு?”

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் வலக்கையால் கையெழுத்திட்டார். எல்லாத் தாள்களிலும் ஒரே அழுத்தமாக இட்டார். அண்ணனுக்கு அது இயலவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர், தம் ஒப்பத்தை அழகாகப் போடுவதில் பெருமையுடையவர், இடக்கைப் பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்தார். வலக்கையில் காயம் காரணமாக என்று அருகில் எழுதி நான் சான்றொப்பமிட்டேன். ஒவ்வொரு தாளிலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே விரலை அழுத்தினார்.

தாயார் மாலையில் வந்தார். மருத்துவமனைக் கூடத்தின் இரு முனைகளிலும் கிடந்த மகன்களை மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் மூச்சு விடுதா என்று என்னைக் கேட்டார். விடுகிறார்கள் என்றேன். எவருக்கும் ஆறுதல் சொல்லாமல், நடுவில் தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அவர் மூன்றாம் ஆண்டில் இறந்தார். செய்தி அறிந்து நான் போனபோது தெருமுனையில் தாய்மாமன் நின்றிருந்தார். அண்ணனுடன் வந்த ஆட்களிடமிருந்து கொக்கிகளையும், திண்டிவனத்திலிருந்து தம்பியுடன் வந்தவர்களின் மகிழுந்துகளிலிருந்து உருட்டுக்கட்டைகளையும் வாங்கி, ஒரு மல்லாட்டைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மறுப்பவர்களிடம், அக்காள எடுத்துகினு போற வரிக்கும்தான், அப்பால இன்னா வேணா பண்ணிக்குங்க என்றார்.

உடலின் ஒருபுறம் அண்ணன் நின்றார், மறுபுறம் தம்பி. மருத்துவமனைக்குப் பிறகு அவர்கள் ஒரே கூரையின்கீழ் வந்தது அதுவே முதல்முறை. தம்பியின் மூக்கு சாய்ந்தபடியே ஒட்டியிருந்தது. வாய்க்கரிசி போட மூத்தவரை அழைத்தனர். அண்ணன் வலக்கையால் அரிசியை அள்ளினார். விறைத்துப்போன விரல்கள் மூடவில்லை. அரிசி விரலிடுக்குகளில் வழிந்து தாயாரின் புடவையிலும் தரையிலும் சிந்தியது. மீண்டும் அள்ளினார், மீண்டும் சிந்தியது. பின்னர் இடக்கையை நீட்டினார். கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர், இடக்கையாலா, முறையில்லையே என்று முணுமுணுத்தார். அண்ணனின் ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்தனர். தம்பியின் ஆட்கள் அண்ணனின் ஆட்களைப் பார்த்தனர். கூடத்தில் அழுகை நின்றுபோயிற்று.

தம்பி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒருவர் சொல்லக் கேட்ட பொருளை இன்று நேரில் காண்பவரைப் போல் பார்த்தார். பின்பு என் பக்கம் திரும்பினார்.

“எந்தக் கையால வேணா போடலாம்னு அவருகிட்ட சொல்லுங்க வக்கீலம்மா.”

கை நீட்டினால் தொடும் தொலைவில் நின்றவரிடம் நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அண்ணன் இடக்கையால் அரிசியை எடுத்துத் தாயாரின் வாயில் இட்டார். விலகி வழிவிட்டு, அவரும் என்னையே பார்த்தார்.

“அவன போடச் சொல்லுங்க.”

சொன்னேன். தம்பி போட்டார்.

பாடையைத் தூக்கியபோது இருவரும் எதிரெதிர் பக்கத்தில் தோள்கொடுத்தனர். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். ஆண்கள் திரும்பி வந்து தலைமுழுகிய பின், நான் விடைபெறாமல் புறப்பட்டேன். தாய்மாமன் சாக்கின் வாயை அவிழ்த்து, கொக்கிகளையும் கட்டைகளையும் அவரவர் கையில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.